மீன் வேண்டுமா, எஃகு வேண்டுமா?

கேள்வி: வெளிநாட்டு முதலீடு என்றாலே உங்கள் பத்திரிகை மூக்கைப் பிடித்துக்கொள்கிறது. இன்றைய பணக்கார நாடுகளும் ஒரு காலத்தில் புகை கக்கி வளர்ந்தவைதானே? ஏழை நாடுகள் முதலில் வளரட்டும். கையில் நாலு காசு சேர்ந்தால் சுத்தம் தானாக வராதா?

பதில்: அந்தத் 'தானாக'வோடுதான் எனக்குச் சண்டை.

உங்கள் வாதத்துக்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயரே இருக்கிறது: சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைகோடு. க்ராஸ்மன், க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1991-ல் பல நாட்டு நகரங்களின் காற்றையும் அந்த நாடுகளின் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வருமானம் ஏற ஏறக் கந்தக டை ஆக்சைடு முதலில் கூடியது, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கியது. கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற கோடு. 'கொஞ்சம் பொறுங்கள், சரியாகிவிடும்' என்பவர்கள் எல்லாம் அந்தக் கிண்ணத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அதே இருவரும் 1995-ல் எழுதிய கட்டுரையில், இது தானாக நடக்கும் என்று நம்பக் காரணமில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

ஜப்பானையே பாருங்கள். மினமாட்டாவில் கை கால் இழுத்துக்கொள்ளும் அந்த நோய் 1956-லேயே பதிவாகிவிட்டது. அதற்குக் காரணமான, பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விடுவதை அங்கிருந்த ரசாயன ஆலை நிறுத்தியது 1968-ல். அந்தப் பன்னிரண்டு வருஷமும் நாட்டில் பணம் குவிந்துகொண்டுதான் இருந்தது. வழக்கும் போராட்டமும் கழுத்தைப் பிடித்த பிறகுதான் சட்டங்கள் இறுகின. இன்னொன்று, கண்ணை எரிக்கும் புகைக்குத்தான் இந்தக் கிண்ணக் கணக்கு ஓரளவு பொருந்தும். கரியமில வாயு கண்ணை எரிக்காது. அதனால் அதை யாரும் அவசரமாக விரட்டவில்லை.

சரி, முதலீட்டுக்கு வருவோம். வெளிநாட்டுப் பணம் என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்க்காரரின் ஓட்டை உடைசல் ஆலையைவிட வெளியிலிருந்து வரும் புது ஆலை பல சமயம் சுத்தமாகவே இருக்கும். இருந்தும் வியட்நாமில் என்ன நடந்தது?

2016 ஏப்ரலில் ஹா டின் மாகாணக் கடற்கரையில் செத்த மீன்கள் ஒதுங்க ஆரம்பித்தன. நான்கு மாகாணங்களில், இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரையில் இதே கதை. காரணம், தைவானின் ஃபார்மோசா குழுமம் பல நூறு கோடி டாலரில் கட்டிய எஃகு ஆலை. புத்தம் புதியது, சோதனை ஓட்டத்தில்தான் இருந்தது. ஒப்புக்கொண்டது கோக் கரியை (எஃகு ஆலை உலைக்காக நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கரி) உலர் முறையில் குளிர்விப்பதாக. வைத்திருந்ததோ தண்ணீர் ஊற்றி ஆற்றும் முறை. அதிலிருந்து ஃபீனாலும் சயனைடும் கடலுக்குப் போயின. அந்த நேரத்தில் கம்பெனி அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னதன் சாரம்: மீன் வேண்டுமா, எஃகு ஆலை வேண்டுமா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'எனக்கு மீன்தான்' என்று ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அதிகாரிக்கு வேலை போயிற்று. கம்பெனி தப்பை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. கேள்வி கேட்டவர்களில் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். ஆலை இன்றும் ஓடுகிறது.

பணமும் நவீன இயந்திரமும் அங்கே இல்லாமல் இல்லை. குழாயைத் திறக்கும் முன் 'நிறுத்து' என்று சொல்ல ஓர் ஆள்தான் இல்லை. வலைபோடுகிறவர் மீன் செத்த பிறகுதான் வாயைத் திறக்க முடிந்தது. வருமானம் ஓரிடம், வாந்தி ஓரிடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான தொழில்களில் கழிவுச் சுத்திகரிப்புச் செலவு மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். முதலீட்டாளர் முதலில் பார்ப்பது கூலி, துறைமுகம், மின்சாரம், சந்தை. விதி தளர்ந்திருக்கிறது என்பதற்காகவே ஆலைகள் கூட்டமாக இடம்பெயர்ந்தன என்பதற்கு ஆய்வாளர்களுக்குக் கிடைத்த சான்று பலவீனமானது. கேட்காத சலுகையைத் தட்டில் வைத்து நீட்டுவது பல சமயம் அரசாங்கங்கள்தான்.

விதியை இறுக்கினால் வழக்கு வருமே என்பீர்கள். வரும். மத்திய அமெரிக்காவின் எல் சால்வடாரில் தங்கச் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்ததால் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று 2009-ல் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்தக் குட்டி நாடு ஏழு வருஷம் வழக்காடி 2016-ல் ஜெயித்தது. மறு வருஷமே உலோகச் சுரங்கம் அத்தனைக்கும் தடை போட்டது, உலகில் முதல் நாடாக. அப்புறம் 2024 டிசம்பரில் அந்தத் தடையை அதே நாட்டு நாடாளுமன்றமே நீக்கியது. இந்த முறை எந்தக் கம்பெனியும் வழக்குப் போட்டு மிரட்டத் தேவைப்படவில்லை. சொன்ன காரணம், நீங்கள் சொன்ன அதே வளர்ச்சிதான்.