பிள்ளையை ‘மாற்ற’ ஊசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று போன மாதம் சொல்லிவிட்டான். 2009இல் முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் கிடந்தபோது அவனுக்கு மூன்று வயது; பிறகு முகாம். அந்தப் பயத்தில்தான் இப்படி ஆனானா? கொழும்பில் ஒருவர் ஹோர்மோன் ஊசியும் பன்னிரண்டு தடவை கவுன்சிலிங்கும் தந்து மாற்றுவாராம். முற்பணம் கட்டிவிட்டோம். சின்னம்மா கழிப்புக் கழிக்கச் சொல்கிறா. என்ன செய்ய?
- ஒரு தாய், மல்லாவி

பதில்: கொழும்புக்கு அனுப்ப வேண்டாம், அம்மா.

பங்கரால் வந்ததல்ல இது. ஷெல் சத்தமே கேளாத நாடுகளிலும் இப்படியான பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். உங்கள் வளர்ப்பும் காரணமில்லை.

தற்பாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990இலும் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. ‘சிலர் மாறினார்கள்’ என்று 2003இல் ஆய்வு வெளியிட்ட உளமருத்துவர் றொபேட் ஸ்பிற்சரே, அது பிழையான முடிவு என்று 2012இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஆண் ஹோர்மோன் குறைந்துபோய் ஒருவருக்கு ஆண்மேல் விருப்பம் வருவதில்லை. தேவையில்லாமல் அதை ஏற்றினால் விதைகள் சுருங்கும், விந்தணு குறையும், இரத்தம் தடிக்கும். ஆசை கூடலாம், அது போகும் திசை மாறாது.

கவுன்சிலிங்கை நினைத்தால் எனக்கு இன்னும் கூடுதல் பயம். நீ பழுதாய்ப் பிறந்தவன் என்று ஒரு பொடியனுக்குப் பன்னிரண்டு தடவை சொல்லிக்கொடுப்பார்கள். (விருப்பம் மாறுவதற்குத் தவணைக் கணக்கு எந்த மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறதோ!) மாறவில்லை என்றால் வீட்டில் அழுகை. மாறிவிட்டேன் என்று பொய் சொன்னால் அடுத்தது கலியாணப் பேச்சு. இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து போகும். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பெற்றோர் மாற்ற முயலாத பிள்ளைகளில் 22 சதவீதமானோர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். பெற்றோர் வீட்டில் மாற்ற முயன்றவர்களில் அது 48 சதவீதம். வெளியாரிடமும் அனுப்பப்பட்டவர்களில் 63.

கோயிலுக்குப் போவதை நான் மறிக்கமாட்டேன். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து பொங்குங்கள். அவனைப் பேய் பிடித்தவனாக நடுவில் இருத்தி வேப்பிலையால் அடிப்பதும் பட்டினி போடுவதும் கூடாது.

போர் அவனுடைய விருப்பத்தைத் தீர்மானிக்கவில்லை, நித்திரையைக் கெடுத்திருக்கலாம். திடுக்கிட்டு எழும்புகிறானா, சாப்பாட்டை ஒதுக்குகிறானா, சாவைப் பற்றிக் கதைக்கிறானா என்று பாருங்கள். அப்படியிருந்தால் கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அந்தத் துன்பத்துக்கு மருந்தும் உளவளத்துணையும் உண்டு. இரவில் அவசரமென்றால் தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். பூச்சிமருந்துப் போத்தல்களை வீட்டில் வைக்காதீர்கள்.

அவன் உங்களை நம்பிச் சொன்னதைச் சொந்தக்காரரிடம் கொண்டுபோகாதீர்கள். தற்பாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக் கோவையின் 365ஏ பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை. வாய்க்கு வாய் போனால் அவனுக்குத்தான் இடைஞ்சல். சின்னம்மாவுக்கு நீங்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை.

முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் போகட்டும்.