நீச்சல் குளமும் குட்டி நாய்களும்: கேள்வி பதில்

கேள்வி: நாய்க்குப் பிறவியிலேயே நீச்சல் தெரியுமே, எங்கள் பொமரேனியனுக்காகக் குளத்தைச் சுற்றி வேலி போட வேண்டுமா?

பதில்: காலை அடித்து மிதக்கத் தெரியும், சரி. ஆபத்து அதற்கப்புறம்தான். விழுந்த இடத்திலேயே ஏறப் பார்க்கும். வழவழப்பான டைல்ஸில் நகம் பிடிக்காது. நாலடி தள்ளிப் படி இருப்பதும் அதற்குத் தெரியாது. சுரண்டிச் சுரண்டியே களைத்துவிடும், குரைக்கக்கூட மூச்சு மிஞ்சாது. அதனால் முதலில் பழக்க வேண்டியது வெளியே வரும் வழியைத்தான். லைஃப் ஜாக்கெட் மாட்டி, நீங்களும் இறங்கி, குளத்தின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் படிக்குக் கூட்டிப் போங்கள். படியருகே பெரிய பூந்தொட்டி ஒன்று வையுங்கள், தண்ணீரிலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியும். பழகிய பிறகும் வேலி வேண்டும். கம்பி இடைவெளியில் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், கீழ்ப்பகுதியில் வலை அடியுங்கள்.

கேள்வி: பக் நாயைக் குளத்தில் விடலாமா?

பதில்: ஜாக்கெட் இல்லாமல் விடவே கூடாது. சப்பை மூக்கு என்பதால் மூச்சுவிடத் தலையை அண்ணாந்து பிடிக்கும், உடனே பின்பாகம் அமிழ்ந்துவிடும். முதுகில் கைப்பிடி, தாடைக்கடியில் மிதவை இரண்டும் உள்ள ஜாக்கெட்டாக, மார்புச் சுற்றளவை அளந்து வாங்குங்கள்.

கேள்வி: ராத்திரியில் பிளாஸ்டிக் குமிழ் விரிப்பால் மூடிவிடுகிறோம். போதாதா?

பதில்: திறந்து கிடக்கும் குளத்தைவிட அந்த விரிப்புதான் எனக்குப் பயம். தரை என்று நம்பிக் காலை வைக்கும், விரிப்பு அமுங்கி நாயை உள்ளே இழுத்து மேலே மூடிக்கொள்ளும். ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் மூடி போடுங்கள்.

கேள்வி: குளோரின் தண்ணீரைக் குடித்துவிட்டதே?

பதில்: இரண்டு வாய் குடித்தால் பயமில்லை. ஆனால் தண்ணீரில் பந்தைக் கவ்விக் கவ்வி நிறைய விழுங்கினால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நேற்று விழுந்த எங்கள் ஷிட்சுவை உடனே தூக்கிவிட்டோம், நன்றாகத்தான் ஓடியது. இன்று காலையிலிருந்து இருமுகிறது.

பதில்: இப்போதே கிளம்புங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு நாள் கழித்துக்கூட மூச்சு திணறும். ஆக்ஸிஜன் வசதி உண்டா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ஈறு வெளிறினாலோ நீலம் பூத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: மூச்சே இல்லாமல் கிடந்தால்?

பதில்: தலையைத் தாழ்த்தி வாயிலுள்ள தண்ணீரை வடியுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கமாக மார்பைப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு ஒருமுறை வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியே 2 தடவை ஊத வேண்டும். வேறொருவர் வண்டியை ஓட்டட்டும், மருத்துவமனை போய்ச் சேரும்வரை நீங்கள் நிறுத்தாதீர்கள்.