சேலத்துக்கு மாற்றலாகி வருகிறோம். பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைக்குமா? எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

மகன் ஐந்தாம் வகுப்பும் மகள் மூன்றாம் வகுப்பும் முடிக்கிறார்கள், கருப்பூர் பக்கம் வாடகை குறைவு என்கிறார்கள், ஊர் வேகமாக வளர்வதால் இடம் கிடைக்குமா என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள்.

இடம் கிடைக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிக்கூட அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பள்ளியைப் போய்ப் பாருங்கள். சேலத்தில் அந்த வரிசை முக்கியம்.

2001இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த மாநகராட்சி மக்கள்தொகை 2011இல் 8,29,267 ஆனது. அதற்குப் பிந்தைய கணக்கெடுப்பு முடிவு இன்னும் வரவில்லை, இப்போது சொல்லப்படுவதெல்லாம் மதிப்பீடுதான். எண்ணிக்கை எதுவானாலும் ஜனம் எந்தப் பக்கம் போகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை மாதிரி நெசவும் வியாபாரமும் வளர்த்த பழைய பேட்டைகளில் புதிதாக வீடு கட்ட இடமில்லை. மனை போடுவதெல்லாம் கருப்பூர், கன்னங்குறிச்சி, அயோத்தியாப்பட்டணம் பக்கம். இந்த மூன்றும் இன்னும் தனிப் பேரூராட்சிகள். அந்தப் பக்கத் தொடக்கப் பள்ளிகள் பலவும், சுற்றிலும் வயலாக இருந்த காலத்தில் தொடங்கிய ஒன்றியப் பள்ளிகள். புதுக் குடித்தனங்களின் பிள்ளைகளோ காலையில் மஞ்சள் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ஊர் பெருத்தும் பள்ளி பெருக்கவில்லை.

இதில் உங்கள் மகளுக்கு என்ன பாதிப்பு என்று சொல்கிறேன். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள் போதும். 30 பேருக்கு ஒருவர் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் அன்றைக்கு மொத்தப் பள்ளியும் ஒரே அறையில். நல்ல ஆசிரியர் அமைந்தால் அதிலும் பிள்ளைகள் படித்துவிடுவார்கள், நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேர்ப்பது நல்லது. அங்கே குறைந்தது நான்கு ஆசிரியர்களாவது இருக்க வேண்டும். பழைய பேட்டைகளிலும் சூரமங்கலம், அஸ்தம்பட்டி பக்கமும் அப்படிப்பட்ட பள்ளி கிடைக்க வாய்ப்பு அதிகம். போய்ப் பார்க்கும்போது கட்டடத்துக்குப் பூசிய பெயின்டைப் பார்க்காதீர்கள். நான்காம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களுக்குத் தனி ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள். கழிப்பறையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். காலைச் சிற்றுண்டி 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் உண்டு, அதைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

மகன் விஷயத்தில் இந்த வருஷமே முடிவெடுத்துவிடுங்கள். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021இலிருந்து பொறியியலுக்கும் உண்டு. மாநகராட்சிப் பள்ளியும் இந்தக் கணக்கில் சேரும், அரசு உதவி பெறும் பள்ளி சேராது. வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்து அரசுப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் ஒன்று என்று நினைத்துவிடுகிறவர்கள் நிறைய. "பத்தாவது வரை தனியார், அப்புறம் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், இந்தச் சலுகை போய்விடும்.

ஆங்கில வழியா தமிழ் வழியா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிய பள்ளிகள் பலவற்றில் இரண்டுமே உண்டு. இதுவரை எதில் படித்தார்களோ அதிலேயே விடுங்கள்.

இப்போதெல்லாம் மார்ச் மாதமே சேர்க்கையை ஆரம்பித்துவிடுகிறார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை காத்திருக்காமல், ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு வந்து இரண்டு மூன்று பள்ளிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். வகுப்பு நடக்கிறதா இல்லையா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும்.