விலை கூடிய வொட்கா ஈரலை விட்டுவைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 48. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். நீரிழிவுக்கு மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுத்து வருகிறேன். அண்மையில் செய்த ஸ்கானில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகச் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் நண்பர்களுடன் கால் போத்தல் அளவு சாராயம் அருந்துவேன். லண்டனிலிருந்து வந்த மைத்துனர் விலை கூடிய போலந்து வொட்கா ஒன்றைத் தந்து, இது பல முறை வடிக்கப்பட்டதால் ஈரலைத் தாக்காது, மறுநாள் தலையிடியும் வராது என்கிறார். உண்மையிலேயே விலைக்கேற்ற தரம் இதில் உண்டா? நான் இதற்கு மாறிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதில் ஒரு பகுதி சரி, ஆனால் அந்தச் சரியான பகுதிக்கும் உங்கள் ஈரலுக்கும் தொடர்பு மிகக் குறைவு. நல்ல வொட்கா என்று ஒன்று உண்டு. ஈரலுக்கு நல்ல வொட்கா என்று ஒன்று இல்லை.

தரத்தை முதலில் பார்ப்போம். ரை என்ற தானியம், கோதுமை, சோளம், உருளைக்கிழங்கு போன்றவற்றைப் புளிக்கவைத்து, உயரமான வடிகோபுரங்களில் ஏறத்தாழ 96 சதவீத மதுசாரமாகும் வரை வடித்து, பின்னர் நீர் சேர்த்து 40 சதவீதமளவுக்கு இறக்குவதே வொட்கா. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தபட்ச அளவு 37.5 சதவீதம், அமெரிக்காவில் 40 சதவீதம். அந்தச் செறிவுக்கு வடிக்கப்பட்ட திரவத்தில் மதுசாரத்தையும் நீரையும் தவிர எஞ்சுவது அற்பமே. ஆகவே, 'ஐந்து முறை வடித்தது' என்று லேபலில் இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கோபுரத்தின் உள்ளே அடுக்கடுக்காக அமைந்த தட்டுகளில் ஆவி குளிர்ந்து மீண்டும் கொதித்துக்கொண்டே மேலேறுவதால், ஒரே ஓட்டத்திலேயே பல வடிப்புகள் நடந்துவிடுகின்றன. எதை ஒரு முறையென எண்ணுவது என்பதை விற்பவரே தீர்மானிக்கிறார். கரியில் வடிகட்டுவது வேண்டாத மணத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே சுத்தமாக உள்ளதை மீண்டும் மீண்டும் வடிகட்டுவதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. கொழும்பில் நாம் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு தீர்வைக்கும் மதுவரிக்கும் போகிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரை தானியத்தில் செய்ததில் மிளகு போன்ற மெல்லிய காரம் தெரியும், கோதுமையில் செய்தது சற்று இனிப்பாக இருக்கும், உருளைக்கிழங்கில் செய்தது நாவில் கனமாகப் படியும். சில தயாரிப்பாளர்கள் கரகரப்பை மறைக்கச் சிறிதளவு சீனியோ கிளிசரினோ சேர்ப்பதும் உண்டு. தரத்தை அறிய விரும்புபவர் அதை உறைபெட்டியில் வைக்காமல், அறை வெப்பநிலையில் சிறிதளவு ஊற்றி முகர்ந்து பார்க்க வேண்டும். கடுங்குளிர் மணத்தையும் குறையையும் சேர்த்தே மறைத்துவிடும். நகப்பூச்சு அகற்றியின் நெடியோ, ஊசி போடுமுன் நாங்கள் தோலில் தடவும் ஸ்பிரிட்டின் நெடியோ முந்திக்கொண்டு வந்தால் அது நன்றாகச் சுத்திகரிக்கப்படவில்லை. லேபல் தெரியாதபடி மூன்று குவளைகளில், இரண்டில் மலிவானதையும் ஒன்றில் விலை கூடியதையும் வேறொருவரை ஊற்றச் சொல்லி, தனித்து நிற்பது எதுவென்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். பலருக்கு அங்கேயே பெருமை குறைந்துவிடும். இதற்கு விழுங்க வேண்டியதில்லை. தொழில்முறையில் சுவை பார்ப்பவர்களும் துப்பிவிடுகிறார்கள்.

இனி ஈரல். ஈரல் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை, மதுசாரத்தின் கிராம் அளவையே பார்க்கிறது. அது மதுசாரத்தை முதலில் அசற்றல்டிகைட் என்ற நச்சுப்பொருளாகவும், பின்னர் அசற்றேற்றாகவும் மாற்றுகிறது; அந்த வேலை நடக்கும்போது கொழுப்பை எரிக்கும் வேலை பின்தள்ளப்படுவதால் கொழுப்பு ஈரலிலேயே சேர்கிறது. இங்குதான் உங்களைக் கவனமாக இருக்கச் சொல்கிறேன். நம் நாட்டில் விற்கப்படும் சாராயங்களில் பல 33.5 முதல் 36.8 சதவீத மதுசாரம் கொண்டவை. உங்கள் வொட்கா 40 சதவீதமாக இருந்தால், 33.5 சதவீதச் சாராயம் ஊற்றிய அதே அளவு ஊற்றினாலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் மதுசாரம் உள்ளே போகும். 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தல் வொட்காவில் சுமார் 57 கிராம் மதுசாரமும் 400 கிலோகலோரியும் இருக்கும். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ அருந்துவதை உலக சுகாதார நிறுவனம் மிகை அருந்துதல் என வகைப்படுத்துகிறது. வொட்காவுக்கு மாறினால் நீங்கள் அதன் வாசலில் நிற்பீர்கள். தொண்டையை எரிக்காத மது வேகமாக இறங்கும் என்பதால், மென்மையே உங்களுக்குப் பாதகமாகவும் முடியலாம்.

தலையிடி பற்றிய கூற்றில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வொட்காவைவிட 37 மடங்கு துணைச் சேர்மங்கள் (புளிக்கும்போது மதுசாரத்துடன் உருவாகும் மற்றப் பொருள்கள்) கொண்ட போர்பன் விஸ்கி அருந்தியவர்களுக்கு மறுநாள் உபாதை அதிகமாக இருந்தது. ஆனால் கவனத்தைச் சோதித்தபோது இரு தரப்பினரும் ஒரே அளவில்தான் தடுமாறினார்கள். தலையிடி வரவில்லை என்பதற்காக உடலில் பாதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

போலி மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயர் பெற்ற போத்தல்களில் வேறெதையாவது நிரப்பி விற்பவர்கள் எங்கும் உண்டு. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் நகரில் சுற்றுலாப் பயணிகள் சிலர், மெதனோல் என்ற நச்சு மதுசாரம் கலந்த மதுவால் நஞ்சேறி இறந்தார்கள். மெதனோலை நாவால் கண்டறிய முடியாது, வீட்டு நீர்வடிகட்டியாலும் அகற்ற முடியாது. கடையில் வாங்கினால் மூடியின் முத்திரையையும் மதுவரித் திணைக்களத்தின் ஒட்டியையும் பாருங்கள். அருந்திப் பல மணி நேரத்துக்குப் பின் பார்வை மங்கினால், காத்திராமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

உங்கள் நிலையில் ஈரலைவிட அவசரமான ஆபத்து, இரத்தச் சீனியை இறக்கும் கிளிக்லசைட்டிலிருந்து வரலாம். மதுசாரத்தைக் கையாளும் ஈரலால் இரத்தத்துக்குப் போதிய குளுக்கோசை விட முடியாது. அதனால் அன்றிரவோ மறுநாள் காலையோ சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழறல் ஆகியவற்றை நண்பர்கள் வெறி என்று நினைத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். மெட்போமின் எடுப்பவர் மிகையாக அருந்தினால், இரத்தத்தில் லக்ரிக் அமிலம் கூடும் அபாயமும் உண்டு. இது அரிது, ஆனால் உயிராபத்தானது.

எனவே வொட்காவுக்கு மாறாதீர்கள், சாராயத்தையும் நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருப்பது போல் வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்றால் உடனே நிறுத்தலாம். அது உண்மையில் தினசரிப் பழக்கமாக இருந்தாலோ, அருந்தாத நாளில் கை நடுங்கினாலோ, தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று மாதங்களின் பின் ஈரல் நொதிகளை மீண்டும் பரிசோதித்து, ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கான் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உடல் எடை அதிகமாக இருந்தால் அதில் 7 முதல் 10 சதவீதத்தைக் குறைப்பது ஈரல் கொழுப்புக்கும் அழற்சிக்கும் நல்ல பலன் தரும். மூடி திறக்காத வொட்கா கெட்டுப்போகாது என்பதால், பரிசோதனை முடிவு வரும்வரை அதைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.