லட்சணமில்லாத ஹாட் ராட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில் அமெரிக்காவின் ஹாட் ராட் வண்டிகளைப் பற்றி, அதாவது 1920, 1930களின் கார்களில் வேண்டாதவற்றைக் கழற்றி, உயரத்தைத் தாழ்த்தி, வலுவான எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் வழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அங்கே வசிக்கும் வாசகர்களுடையவை. முதல் கடிதம் நீண்ட பதிலைக் கேட்பதால், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடிகிறது.

கேள்வி (டெட்ராய்ட் அருகிலிருந்து): ஐயா, நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து 1932 ஃபோர்டு ஐந்து ஜன்னல் கூப் (நிலையான கூரையுள்ள இரண்டு கதவு கார்) ஒன்றை வாங்கியிருக்கிறோம். 1980களில் யாரோ ஹாட் ராடாக மாற்றிய வண்டி. உடல் அசல் எஃகு. வெளிர் ஊதா வண்ணம், பக்கவாட்டில் பச்சைக் கோடுகள், அலுமினிய வீல்கள், பின்னால் மிக அகலமான டயர்கள், முன்னால் சதுர விளக்குகள். பார்ப்பவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். கறுப்பு வண்ணம் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வண்ணத்தில் கை வைக்காமல் தொடங்குங்கள். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று, கேமராவைச் சக்கரத்தின் நடுமட்டத்தில் பிடித்துப் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஊதாவும் பச்சையும் மறைந்த பிறகும் அந்தப் படம் உறுத்துமானால், குறை வண்ணத்தில் இல்லை, நிற்கும் நிலையில் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த மாடலை அமெரிக்க இளைஞர்கள் ஏன் இவ்வளவு விரும்பினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் எதைத் திருத்துவது என்பதும் தெரிந்துவிடும். 1932இல்தான் ஃபோர்டு நிறுவனம் 221 கன அங்குல வி8 எஞ்சினை, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் காரில் வைத்தது. அப்போது அதன் திறன் 65 குதிரைத்திறன். அது எல்லோரும் சொல்லும் காரணம். அவ்வளவாகப் பேசப்படாத காரணம் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இருக்கிறது. முந்தைய மாடல் ஏ வண்டியில் சேசிஸின் பக்கச் சட்டங்களைத் தகடு ஒன்று மூடியிருக்கும்; 1932இல் அந்தச் சட்டங்களே வெளியே தெரியும்படி, மேற்பரப்பில் அழுத்திய ஒரு வரியோடு உருவாக்கப்பட்டன. அதனால் மட்கார்டுகளைக் கழற்றி எறிந்தாலும் இந்த வண்டி அரைகுறையாகத் தோன்றாது. மற்ற பல வண்டிகள் மட்கார்டு இல்லாமல் நின்றால், வேட்டி நழுவியவரைப் போலத் தெரியும்.

மட்கார்டுகளைக் கழற்றியதும் அழகுக்காக அல்ல. தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்க்கப் போனவர்கள் எடையையும் காற்றுத் தடையையும் குறைக்கவே அவற்றைக் கழற்றினார்கள். பின் சக்கரத்துக்கு உயரமான டயர் போட்டால் எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் ஓடும் என்பதால் பின்னால் பெரிய டயரும், எடை குறைய முன்னால் சிறிய டயரும் வந்தன. முன்பக்கம் தாழ்ந்து பாயத் தயாராக நிற்கும் அந்தத் தோற்றம் வேகத்தின் தேவையிலிருந்து பிறந்தது. உங்கள் வண்டியைக் கட்டியவர் டயரை உயரமாக்காமல் அகலமாக்கிவிட்டார். அதனால் பின்பக்கம் தரையில் அமர்ந்து, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சிரிப்புக்குக் காரணம் அதுவே.

ஆகவே முதல் வேலை சக்கரம். பின்னால் ஏறத்தாழ 30 அங்குல விட்டமும், முன்னால் ஏறத்தாழ 26 அங்குல விட்டமும் உள்ள குறுகிய டயர்களை எஃகு வீல்களில் பொருத்திப் பாருங்கள். இதற்காக உடனே காசைக் கொட்ட வேண்டாம். உங்கள் ஊரில் இதே பித்துப் பிடித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு சனிக்கிழமைக்கு நான்கு சக்கரங்களை இரவல் வாங்கி, வண்டியை ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் வேண்டிய உயரத்தில் நிறுத்தி, சக்கரங்களை அந்தந்த இடத்தில் வைத்து, மறுபடியும் அதே கோணத்தில் படம் எடுங்கள். ஸ்டாண்டின் உயரத்தை அரை அங்குலம் அரை அங்குலமாக மாற்றி மாற்றிப் பார்த்தால், ஓர் இடத்தில் நால்வரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவீர்கள். அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த உயரத்துக்கு முன்பக்கத்தைக் கொண்டுவர, நடுப்பகுதி நான்கு அங்குலம் அளவுக்குத் தாழ்ந்திருக்கும் ஆக்சிலைப் பொருத்துவதே பழைய வழி. ஸ்பிரிங்கின் அசைவுக்கு வேண்டிய இடத்தைக் குறைக்காமல் வண்டி கீழே இறங்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழும்போது, முன் சக்கரம் திரும்பும் கிங்பின் அச்சின் பின்சாய்வும் குறைந்துவிடுகிறது. இத்தகைய ஒற்றை ஆக்சில் வண்டிகளுக்கு அந்தச் சாய்வு ஏறத்தாழ 5 முதல் 7 பாகை வரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நிலைகொள்ளாது. எனவே தாழ்த்தி முடித்த பிறகு அளக்க வேண்டும், அதற்கு முன் அளந்தது கணக்கில் வராது.

அடுத்தது கூரை. நீங்கள் அனுப்பிய படத்தில் கூரை வெட்டித் தாழ்த்தப்பட்டிருப்பது தெரிகிறது. தூண்கள் சாய்வாக இருப்பதால் நான்கு அங்குலம் அறுத்து எடுத்தால் மேல்பாதி கீழ்ப்பாதியோடு பொருந்தாது. ஒன்று தூண்களைச் சாய்க்க வேண்டும், அல்லது கூரையைப் பிளந்து நீட்ட வேண்டும். உங்கள் வண்டியில் தூண்களைத் தேவைக்கு மேல் சாய்த்ததால் கதவின் மேல்விளிம்பு பின்பக்கம் சரிகிறது. முழுக் கூரையையும் பழைய உயரத்துக்குக் கொண்டுபோக வேறொரு வண்டியின் கூரையே தேவைப்படும்; அதற்குப் போகாதீர்கள். கதவின் மேல்விளிம்பை மட்டும் அறுத்து, இடுப்புக் கோட்டுக்கு இணையாக வரும்படி மீண்டும் வெல்டிங் செய்தால் கண் அந்தக் குறையைத் தேடாது. சதுர விளக்குகளை எடுத்துவிட்டு வட்ட விளக்குகளைச் சற்றுத் தாழ்வாகப் பொருத்துங்கள்.

ஒரு சிறிய விலகல். 1980களில் பாய்ட் காடிங்டன் போன்ற ஹாட் ராட் வடிவமைப்பாளர்கள், கைப்பிடிகளையும் மடிப்புகளையும் நீக்கி வழவழப்பாக்கிய உடலும் திட அலுமினியக் கட்டியில் கடைந்த வீல்களும் கொண்ட பாணியில் உண்மையிலேயே நேர்த்தியான வண்டிகளைக் கட்டினார்கள். ஒரு காலத்தில் அந்தப் பாணி முழுவதையும் நான் இகழ்ந்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வழக்கொழிந்தது வேறு, லட்சணம் கெட்டது வேறு. கழற்றிய அலுமினிய வீல்களைக் கிழிந்த துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி (சான் ஹோசேயிலிருந்து): எங்கள் வண்டியின் கதவில் வண்ணம் கொப்புளித்திருக்கிறது. சுரண்டிப் பார்த்தால் விரல் கனத்துக்குப் பட்டி (பள்ளங்களை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது. மணல் வீச்சில் கொடுத்து முழுவதும் உரித்துவிடலாமா?

பதில்: கதவு, கூரை போன்ற அகலமான தகடுகளை மணல் வீச்சுக்குக் கொடுக்காதீர்கள். துகள்கள் மோதி மோதித் தகட்டின் மேற்பரப்பு விரிந்து, அப்பளம் போல நெளிந்துவிடும். பிறகு எந்த டிங்கராலும் அதை நேராக்குவது கடினம். சேசிஸ், ஆக்சில் போன்ற கனமான பாகங்களுக்கு மணல் வீச்சு நல்லது. தகடுகளுக்கு ரசாயன உரிப்பானும் பொறுமையும் போதும்.

அதற்கு முன், மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை உடல் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். பிடி தளரும் இடமெல்லாம் பட்டி. பட்டி பார்ப்பது குற்றமன்று. மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும் வரை அது நல்ல வேலைக்காரன். அதற்கு மேல் கனமாகப் பூசினால் வெயிலிலும் குளிரிலும் எஃகும் பட்டியும் ஒரே அளவில் விரிந்து சுருங்காததால் வெடிப்பு விடும். வெடிப்பில் ஈரம் புகுந்து அடியில் துருவாக முடியும். உங்கள் கொப்புளம் அந்தத் துருவாகத்தான் இருக்க வேண்டும். துருப்பிடித்த பகுதியை அறுத்தெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை வைத்து, ஒரேயடியாக வெல்டிங் ஓட்டாமல் ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி எதிர்முனையில் என்று விட்டு விட்டு வைத்தால் வெப்பம் ஓரிடத்தில் தேங்காது.

1950களில் கட்டிய வண்டியாக இருந்தால் பட்டிக்குப் பதிலாக ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கிப் பூசியிருக்கவும் கூடும். அது மேலான வேலைதான்; ஆனால் அதைக் கிரைண்டரால் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பரவி மூச்சில் போகும். கை அரத்தால் மட்டும் சீவுங்கள், குழந்தைகளை அந்த ஷெட்டுக்குள் விடாதீர்கள். கடினமாக்கும் திரவம் சேர்த்து அடிக்கும் இன்றைய வண்ணங்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு; அதற்குச் சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் வண்ணத்தை மட்டும் கடையில் கொடுத்துவிடுவதே நல்லது.

டெட்ராய்ட் நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும். தகட்டில் உள்ள ஒவ்வொரு நெளிவையும் கறுப்பு வண்ணம் ஊருக்கே காட்டிக் கொடுக்கும். நேரான உடலின் மேல் அதற்கு இணையில்லை. நெளிந்த உடலின் மேல் அது வெளிர் ஊதாவைவிட மோசம்.

கேள்வி (ஹூஸ்டனிலிருந்து): நண்பர்கள் சேர்ந்து வண்டி சீரமைக்கும்போது கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பணத்தையும் உழைப்பையும் பங்கிடலாம், வடிவத்தைப் பங்கிட முடியாது. இளவயதில் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பைப் புதுப்பித்தோம். ஆளுக்கொரு பக்கம் என்று பிரித்துக்கொண்டதால், இடப்பக்க மட்கார்டின் வளைவு ஒருவர் ரசனையிலும் வலப்பக்கத்தின் வளைவு இன்னொருவர் ரசனையிலும் அமைந்தன. வண்டியை எதிரிலிருந்து பார்ப்பவருக்கு மாறுகண் போலத் தோன்றும். யார் கண்ணுக்குக் கோடு நன்றாகப் பிடிபடுகிறதோ அவரிடம் வடிவத்தை விட்டுவிடுங்கள். பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் மட்டும் யார் வேண்டுமானாலும் மறுப்புச் சொல்லி வேலையை நிறுத்தலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி யார் பெயரில் பதிவாகும், ஒருவர் விலகினால் அவருக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்பவற்றை முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே எழுதி வைப்பது நட்புக்கு நல்லது. கழற்றும் போல்ட்டுகளைப் பைகளில் போட்டுச் சீட்டு ஒட்டிவிடுங்கள். எட்டு மாதம் கழித்து எது எங்கே இருந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

கேள்வி (சிகாகோவிலிருந்து): எங்கள் 1934 ஃபோர்டில் இப்போது இருப்பது 350 கன அங்குல ஷெவர்லே எஞ்சின். பழைய தோற்றத்துக்குப் போகிறவர்கள் அதை எடுத்துவிட்டு ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8ஐத்தான் வைக்க வேண்டுமா?

பதில்: நன்றாக ஓடும் எஞ்சினை ஏன் எடுக்கிறீர்கள்? 1932இல் அறிமுகமான அந்த ஃபிளாட்ஹெட் எஞ்சினின் அழகையும் ஒலியையும் நானும் விரும்புகிறேன். ஆனால் அதில் புகை வெளியேறும் வழிகள் எஞ்சின் பிளாக்கின் ஊடாக, குளிர்நீர் சூழ்ந்த பகுதியைக் கடந்து செல்வதால், அந்தச் சூடு முழுவதும் ரேடியேட்டரின் தலையில் விழுகிறது. கோடை நெரிசலில் நிற்கும்போது அதன் குணம் தெரியும். அமெரிக்காவில் ஃபோர்டு கார்களில் அது 1953ஆம் ஆண்டோடு நின்றது. 1955இல் ஷெவர்லேயின் 265 கன அங்குல வி8 வந்தவுடன் ஹாட் ராட் இளைஞர்களே தயக்கமில்லாமல் அதற்கு மாறினார்கள். உங்கள் 350 அதே குடும்பத்தில் 1967இல் பிறந்தது. ஆகவே அதுவும் மரபுக்குள்தான் வருகிறது. பளபளக்கும் காற்று வடிகட்டி மூடியையும் வண்ண வண்ண ஒயர் உறைகளையும் கழற்றி, பிளாக்குக்கு அடக்கமான வண்ணம் அடித்தால் போதும். மிச்சமாகும் பணத்தைப் பிரேக்குக்குச் செலவிடுங்கள். ஃபோர்டு 1939இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. உங்கள் வண்டியில் இன்னும் கம்பியால் இழுக்கும் பழைய பிரேக் இருந்தால், முதலில் மாற வேண்டியது அதுவே.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து): என் தாத்தாவின் 1960களின் ஃபியட் காரைக் கூரை வெட்டித் தாழ்த்தி இப்படி மாற்ற ஆசை. முடியுமா?

பதில்: சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதோடு, 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அதற்கு வண்டி பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். கூரையை அறுத்தால் இரண்டு வழியும் அடைபடும். தாத்தாவின் காரை அவர் ஓட்டிய வடிவிலேயே சீரமையுங்கள்.

கேள்வி (மீண்டும் டெட்ராய்ட் அருகிலிருந்து, அதே கடிதத்தின் பின்குறிப்பு): வேலை முடிந்ததும் கலிஃபோர்னியாவின் கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் கண்காட்சிக்குக் கொண்டுபோனால், அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர் என்ற பரிசுக்குப் போட்டியிட முடியுமா?

பதில்: முடியாது. 1950இல் ஓக்லண்டில் பில் நீகாம்பின் 1929 ஃபோர்டுக்கு முதன்முதலில் கொடுக்கப்பட்ட அந்தப் பரிசு, கண்காட்சி பொமோனாவுக்கு இடம் மாறிய பிறகும் ரோட்ஸ்டர்களுக்கு மட்டுமே உரியது. அதாவது நிலையான கூரை இல்லாத வண்டிகளுக்கு. உங்களுடையது கூப். கூரையைச் சரிசெய்யத்தான் சொன்னேன், அறுத்து எறிந்துவிடாதீர்கள்.