ஏழாம் நம்பர் ஒன்று போதும்

வாசகர் கேள்வி-பதில். பதில் சொல்பவர் நுவரெலியாவில் முப்பத்தெட்டு வருடம் கெடியாக, அதாவது கோல்ஃப் ஆடுபவர்களின் மட்டைப் பை தூக்கியவர். இப்போது புதியவர்களுக்கு கோல்ஃப் பழக்கிக் கொடுக்கிறார்.

கேள்வி: மகனுக்கு 16 வயது. நுவரெலியா கிளப்பை ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து கோல்ஃப் கோல்ஃப் என்றே இருக்கிறான். கொழும்பில் ஒரு கடையில் முழு செட் விலை கேட்டோம், தலை சுற்றிவிட்டது. எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்? – ஒரு தகப்பன், தலவாக்கலை

இப்போதைக்கு எங்கேயும் வாங்காதீர்கள். கடைக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

முதலில் மகனைப் பழக்குபவர் ஒருவரிடம் நாலு தடவை கூட்டிப் போங்கள். நுவரெலியாவில் 1889இல் வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கிய அந்த மைதானத்தில் அந்தக் காலத்தில் நம் ஆட்கள் உள்ளே போவதென்றால் பை தூக்கத்தான். இன்று காசு கட்டினால் வெளியாட்களும் விளையாடலாம், மட்டை வாடகைக்கும் கிடைக்கும். கண்டிக்கு அப்பால் திகனையில் இருக்கும் விக்டோரியா மைதானமும் அப்படித்தான். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கொலர் வைத்த சேர்ட் போட்டு அனுப்புங்கள். ஏப்ரல் சீசனில் மட்டும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் புதுப் பையனை யாரும் பொறுமையாகப் பார்க்க மாட்டார்கள்.

அந்த நாலு தடவையும் அவன் கையில் ஏழாம் நம்பர் அயன், அதாவது இரும்புத் தலை மட்டை, ஒன்று இருந்தால் போதும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் பாதி செட் தேடுங்கள். ஏழு, ஒன்பது, அயனுக்கும் பெரிய தலை மட்டைக்கும் நடுவான ஒரு ஹைபிரிட், மணலிலிருந்து எடுக்க ஒரு சேன்ட் வெட்ஜ், பிறகு குழிக்குள் தள்ளுகிற பட்டர். (பட்டர் என்றதும் பாணுக்குப் பூசுவதா என்று என் பேத்தி கேட்கிறாள்.) பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. பதினாலும் இருந்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டிரைவர் என்கிற அந்தப் பெரிய தலை மட்டையைத்தான் எல்லாப் பையன்களும் முதலில் கேட்பார்கள். கடைசியாக வாங்கிக் கொடுங்கள்.

இனி எங்கே வாங்குவது? பழையதாக, மைதானத்தைச் சுற்றியே வாங்குங்கள். உறுப்பினர்கள் கொஞ்ச வருடத்துக்கு ஒரு தடவை புது செட்டுக்கு மாறுவார்கள். பழையது மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். யார் வீட்டில் எது கிடக்கிறது என்பது கெடிமாருக்குத் தெரியும். பழக்குபவரிடம் சொல்லி வைத்தால் உங்கள் மகனின் உயரத்துக்கும் கைவேகத்துக்கும் எது சரி என்று பார்த்தே எடுத்துத் தருவார். மகன் அடிப்பதைக் கண்ணால் பார்க்காத ஒருவரிடம் மட்டை வாங்குவது, காலை அளக்காமல் சப்பாத்து வாங்குகிற மாதிரி.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 1986இல் பேப்பர் விளம்பரத்தை நம்பி ஒருவரிடம் பழைய செட் ஒன்று வாங்கினேன். மூன்று மாதக் காசு; வீட்டுக்காரியிடம் பாதி விலைதான் சொன்னேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் ஐந்தாம் நம்பரால் ஓங்கி வீசினேன். பந்து புல்லில் அப்படியே இருக்கிறது, மட்டையின் தலை ஓடைக்குள் போய் விழுகிறது, என் கையில் வெறும் குழாய். தலையையும் தண்டையும் பிடித்து வைக்கிற பசை உள்ளே காய்ந்து பொடியாகிப் போயிருந்தது. அந்த இடத்தில் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் பழைய மட்டையைக் கையில் எடுத்ததும் ஒரு கையால் தலையையும் மறு கையால் தண்டையும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். துளி அசைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காதருகே வைத்துத் தட்டுங்கள். உள்ளே மணல் உருளுகிற சத்தம் வந்தாலும் வேண்டாம். மட்டை முகத்தில் இருக்கும் கோடுகளுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டினால் நகம் தடுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் கோடு தேய்ந்துவிட்டது, பந்து பச்சையில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) விழுந்து நிற்காமல் ஓடும். தண்டில் துடைத்தால் போகிற துரு நம் ஊர் ஈரத்தில் சகஜம்தான், குழி விழுந்த துரு ஆகாது. கைப்பிடி ரப்பர் காய்ந்து வழுவழுப்பாக இருந்தால் கவலைப்படாதீர்கள். ரப்பரை மட்டும் மாற்றலாம். அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

கேள்வி: என் உயரம் 5 அடி 1 அங்குலம். கணவரின் மட்டைகளில் பழகுகிறேன். எல்லாப் பந்தும் வலது பக்கமே போகிறது. பெண்களுக்கான செட் வாங்கினால் சரியாகுமா? – ஓர் ஆசிரியை, ஹட்டன்

டீச்சர், பந்து வலது பக்கம் போக நூறு காரணம் உண்டு, மட்டை அதில் ஒன்றுதான். கணவரின் மட்டைத் தண்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். எஸ் என்ற எழுத்து இருந்தால் அது விறைப்பான தண்டு, வேகமாக வீசுபவர்களுக்கு உரியது. மெதுவாக வீசுபவரின் கையில் அது வளைந்து கொடுக்காது. பலருக்குப் பந்து தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போய்விடும். ஆர் என்றால் சாதாரணம், ஏ என்றால் வயதானவர்களுக்கு, எல் என்றால் பெண்களுக்கு. பெண்களுக்கான மட்டை நீளத்திலும் சுமார் ஓர் அங்குலம் குறைவு.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன் காசில்லாத வைத்தியம் ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடியில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து ஐம்பது பந்து அடியுங்கள். கொஞ்சமாவது நேராகப் போனால் நீளமும் ஒரு காரணம் என்று தெரிந்துவிடும். சப்பாத்தோடு நிமிர்ந்து நின்று, மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை அளந்து குறித்து வையுங்கள். மட்டை எடுக்கப் போகும் இடத்தில் அந்த அளவும் உயரமும் வேண்டும். பெண்களுக்கென்றால் ரோஸ் நிறம்தான் என்று காட்டுகிற கடையில் நிறம் பார்த்து வாங்காதீர்கள். உயரமான, கைவேகம் உள்ள பெண்களுக்கு ஆர் தண்டுதான் சரி, அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பழக்கியிருக்கிறேன்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் அண்ணன் விடுமுறைக்கு வரும்போது செட் கொண்டு வருகிறேன் என்கிறார். இணையத்தில் பெரிய பிராண்ட் ஒன்று மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இருக்கிறதாம். – பண்டாரவளை வாசகர்

மூன்றில் ஒரு பங்கு விலையில் புது பிராண்ட் செட் என்றால் அது போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோல்ஃப் மட்டையில் போலி மலிந்து கிடக்கிறது. பெயர், பெட்டி, உறை எல்லாம் அச்சு அசல். உள்ளே இரும்பு மட்டும் வேறு. அண்ணனை அங்கேயே ஒரு நல்ல கடையில் பழைய செட் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் அளவையும் அனுப்பி வையுங்கள். விமானத்தில் மட்டையைக் கையோடு கொண்டு ஏற விட மாட்டார்கள், லக்கேஜில்தான் போட வேண்டும். அதற்குத் தனிக் காசு உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். தலைப் பக்கம் துவாயால் நன்றாகச் சுற்றினால் தப்பும்.

கேள்வி: ஒருவர் முழங்கையை மடக்காதே என்கிறார், இன்னொருவர் மடக்கு என்கிறார், கெடி ஒன்று சொல்கிறார், வீடியோ ஒன்று சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது? – நானுஓயா தம்பி

தம்பி, ஒரு சீசனுக்கு ஒருவர் பேச்சை மட்டும் கேள். பழக்குபவர் என்ன சொன்னாரோ அதைக் கொப்பியில் எழுது, மற்றவர்கள் சொன்னால் சிரித்துக்கொண்டு ‘சரி’ என்று சொல்லிவிட்டு நட. வீடியோவில் பேசுபவர் உன்னைப் பார்க்கவில்லை. நீ அவரைப் பார்க்கிறாய், அவ்வளவுதான்.

கெடியிடம் வேறு கேள்வி கேள். பச்சையில் பந்து எந்தப் பக்கம் சரியும், ஓடையைத் தாண்ட எந்த நம்பர், காற்று எங்கிருந்து வரும். இதையெல்லாம் அந்தப் புல்லில் வருடக்கணக்காக நடந்தவன்தான் சொல்ல முடியும். உதாரணத்துக்கு ஒன்று. நுவரெலியா 6,000 அடிக்கு மேல். காற்று மெலிவு, அதனால் பந்து கொழும்பில் போவதைவிட ஆறேழு வீதம் கூடுதல் தூரம் போகும். கொழும்பு ஆள் வழக்கமான மட்டையை எடுத்து அடித்துவிட்டு, பச்சைக்குப் பின்னால் பற்றைக்குள் பந்து தேடுவதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. ஆனால் காலையில் பனிக்குளிர் என்றால் பந்து விறைத்துப்போய் அந்த லாபத்தில் பாதியைத் தின்றுவிடும். அந்தக் கணக்கு கெடிக்குத் தெரியும். உன் முழங்கை அவனுக்குத் தெரியாது. நானே கெடியாக இருந்தவன், சொல்கிறேன்.

கேள்வி: ஓடையில் எடுத்த பழைய பந்து வாங்கலாமா? கையுறை இரண்டு கைக்குமா? – வட்டவளை வாசகி

தாராளமாக வாங்குங்கள், வெடிப்பு இல்லாததாகப் பார்த்து. முதல் வருடம் தொலைக்கத்தான் போகிறீர்கள். தொலைந்ததைத் தேட விதிப்படி 3 நிமிடம்தான், மூடுபனி இறங்கினால் அதுவும் வீண். உயர்ந்த விலைப் பந்து இப்போது எதற்கு?

வலதுகைக்காரர் என்றால் இடது கைக்கு மட்டும் கையுறை. மழைக்கு இன்னொன்று பையில் இருக்கட்டும். நனைந்ததை அடுப்படியில் காய வைக்காதீர்கள், தோல் அப்பளம் மாதிரி ஆகிவிடும்.