கொழும்பில் டைவிங் பழகியவர் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ கடற்பகுதியில் மூழ்கிய போர்க்கப்பல்களைப் பார்க்க இறங்கலாமா?

தாராளமாக இறங்கலாம். வெதுவெதுப்பான கடலில் பழகிய டைவர்களுக்கு அது சரிவராது என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் எழுத வந்தேன். கல்கிசைக்கு அப்பால் நீரோட்டத்தில் கயிற்றைப் பிடித்து இறங்கியவர்களை அப்படிச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

நீங்களும் என்னைப்போல 28 பாகைத் தண்ணீரில் மெல்லிய வெட்சூட்டோடு பழகியவராக இருப்பீர்கள். அங்கே கோடையிலேயே 13 பாகை அளவுதான். ஆனால் பிரச்சினை குளிர் இல்லை, ட்ரைசூட் என்ற தண்ணீர் புகாத, உள்ளே காற்று நிற்கும் உடை. ஆழம் போகப் போக அது உடம்பை நெரிக்கும். நெஞ்சிலுள்ள வால்வை அழுத்தி உடைக்குள் காற்றை ஏற்ற வேண்டும். காலைத் தூக்கினால் அந்தக் காற்று பாதத்துக்கு ஓடி, உங்களைத் தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். நான் முதலில் இங்கிலாந்தில் தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கல்குவாரியில் பழகினேன். நான் பயிற்றுநர் இல்லை, என் அனுபவத்தைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே ட்ரெஸ்டன் என்ற ஜெர்மன் குரூசர் போர்க்கப்பல் இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. அதனால் அதன் மேல்தளம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். பச்சைத் தண்ணீருக்குள் தளபதி நின்று கப்பலை நடத்தும் இரும்புக் கூண்டு தெரிந்தது, மேலெல்லாம் வெள்ளைக் கடல் அனிமோன்கள். விரல் விறைத்து கமெரா பொத்தானை அழுத்தவே முடியவில்லை.

முதல் உலகப்போர் முடிந்து அங்கே தடுத்துவைக்கப்பட்டிருந்த தங்கள் கப்பல்களை 1919 ஜூன் 21இல் ஜெர்மானியர் தாங்களே மூழ்கடித்தார்கள். 74 கப்பல்களில் 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பழைய இரும்புக்கு எடுத்துவிட்டார்கள். பெரிய கப்பல்களில் ஏழு மிச்சம். அவற்றின் தளபதி அட்மிரல் ரொய்ட்டர் மூழ்கடிக்கக் கட்டளை கொடுத்தது எம்டன் என்ற கப்பலிலிருந்து. 1914இல் மதராசுக்குக் குண்டு போட்டதே, அந்த எம்டன் இல்லை, அதன் பெயரை வைத்துக் கட்டிய அடுத்த கப்பல் இது. இதைச் சொன்னால் வெள்ளவத்தையில் எங்கள் பெரியப்பா மட்டும்தான் காது கொடுத்துக் கேட்பார்.

உண்மையான குளிர் பிரிட்டிஷ் விசாவில்தான். பயண நோக்கம்: மூழ்கிய கப்பல் பார்த்தல். எழுதினால் யார் நம்புகிறார்கள்? வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காணி உறுதி எல்லாம் கொடுத்தும் முதல் முறை மறுத்துவிட்டார்கள். நான் திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் போதாதாம்! அதே படகில் வந்த டச்சுக்காரர் பாஸ்போர்ட்டை நீட்டியதோடு சரி. வசதியைக் காட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், எல்லாம் சேர்த்துவைத்த சம்பளக் காசு.

விசா கைக்கு வரும்வரை படகுக்கு முற்பணம் கட்டாதீர்கள். எனக்குத் திருப்பித் தரவில்லை.